மரம் அறுக்கும் மிஷினுக்கு இழுவை குறைந்தால்...

இடவப்பாதி மழை தொடங்கினால் மட்டாஞ்சேரி, போர்ட்டுக் கொச்சிப் பகுதிகளில் மரம் விழுவது வழக்கம். மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கை நிறைய வேலை கிடைப்பதும் அந்த நாட்களில்தான். அன்று பார்த்து மிஷின் சுணங்கினால் கூலி போயிற்று. 'என்ஜின் தீர்ந்தது' என்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவோரும் உண்டு. பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது சங்கிலியை. மரம் சீவல் சீவலாக வர வேண்டும். மாவாக உதிர்ந்தால் பல் மழுங்கிவிட்டது. அரம் போட்டாலே பாதிக் குறை தீரும்.

அடுத்தது காற்று வடிகட்டி. அதில் தூள் அடைத்தால் புகை கூடும், வலுக் குறையும்.

மூன்றாவது பெட்ரோல். சில நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு சோர்ந்தால், டாங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்கலாம். உடனே வேகம் பிடித்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையேல் டாங்குக்குள் இருக்கும் சிறு வடிகட்டியை மாற்ற வேண்டும். 2014இல் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் இருந்த எத்தனால் கலப்பு 2025இல் 20 பங்கை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டரின் ரப்பர் சவ்வையும் கெடுக்கும். ஆகவே வேலையில்லாத மாதங்களில் டாங்கைக் காலி செய்து வைப்பது நல்லது.

நான்காவது சைலன்சர். அதன் வலையிலும் புகை வாயிலும் கரி படிந்தால் என்ஜின் மூச்சுத் திணறும். பிஸ்டனால் வாயை மூடி வைத்து, மரக்குச்சியால் சுரண்ட வேண்டும், இரும்பு கூடாது.

இவற்றைப் பார்க்காமல் கார்புரேட்டர் திருகைத் திருப்புவதுதான் பலர் செய்யும் தவறு. பெட்ரோலைக் குறைத்தால் சத்தம் கூர்மையாகி வேகம் வந்ததுபோல் தோன்றும். ஆனால் பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறைவதால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். கம்பெனி சொன்ன அளவில் ஆயில் கலப்பதும் முக்கியம். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி.

கடைசியாகக் கம்ப்ரஷன். நிறுத்திய மிஷினை ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியில் பிடித்துத் தரைக்குச் சற்று மேலே தூக்க வேண்டும். விட்டுவிட்டு மெல்ல இறங்கினால் நல்லது. சரசரவென்று இறங்கினால் ரிங் தேய்ந்திருக்கலாம். சைலன்சரைக் கழற்றிப் பார்க்கையில் பிஸ்டனில் நெடுக்குக் கீறல்கள் தெரிந்தால் மெக்கானிக்கிடம் போவதே வழி.

எதைத் தொடுமுன்னும் என்ஜினை ஆறவிட்டுப் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். மிஷின் போனால் வேறு வாங்கலாம். விரல் போனால் வராது.