கம்மலின் விலையில் தருமம் எவ்வளவு?

ஈகையின் கணக்கு – 11

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சந்தவாசலில் மேற்கே திரும்பினால், வாழைத் தோட்டங்களைத் தாண்டி ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் படவேடு வரும். சம்புவராயர்களின் தலைநகரமாக இருந்த ஊர். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் அவர்களை வென்றபோது அந்த அரசு முடிந்தது. கோட்டைகளின் மிச்சமும் கோயில்களும் நிலைத்தன, ரேணுகாம்பாள் அம்மனும் நிலைத்தாள். ஆடி வெள்ளிகளில் அம்மனைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு அளவில்லை. கூட்டம் இருக்கும் இடத்தில் வளையல் கடையும் பாசிமணி விரிப்பும் இருக்கும். மஞ்சள் கயிறு, கண்ணாடி வளையல், கவரிங் செயின், வேண்டுதலுக்குச் செலுத்தும் வெள்ளிக் கண்மலர் என்று, அம்மன் கோயில் வாசலில் நகை வியாபாரம் என்பது பத்து ரூபாயிலிருந்து தொடங்குகிறது.

சென்ற வாரம் அன்னதானக் கூடங்களின் வரவு செலவைப் பார்த்தோம். இந்த வாரம் நகை. ‘இந்தக் கம்மலை வாங்கினால் ஒரு குழந்தையின் படிப்புக்கு உதவுகிறீர்கள்’ என்று அட்டையில் அச்சடித்து விற்கும் சிறு தொழில்கள் இப்போது பெருகிவிட்டன. சுடுமண், பட்டு நூல், காகிதச் சுருள், விதை, பாசி என்று பல பொருள்களில் செய்கிறார்கள். வீட்டிலிருந்தே நடத்தும் பெண்கள் உண்டு, மகளிர் குழுக்கள் உண்டு, தொண்டு நிறுவனங்களும் உண்டு. நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. கேள்வி ஒன்றுதான்: அந்தத் தருமத்தின் பணம் யார் கையிலிருந்து போகிறது?

படவேட்டை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பெரிய பணம் அறம் செய்வது எப்படி என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. பாழடைந்து கிடந்த இவ்வூர்க் கோயில்கள் புதுப்பிக்கப்பட்டதில் டிவிஎஸ் குழுமத்தின் வேணு சீனிவாசன் முன்னின்றார். 1996இல் தொடங்கிய ஸ்ரீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் தன் ஊரக வளர்ச்சிப் பணிக்கு எடுத்துக்கொண்ட ஊர்களில் படவேடும் ஒன்று; மகளிர் குழுக்கள் அந்தப் பணியின் முக்கியமான பகுதி. பெரிய நிறுவனங்களுக்கு இப்படி அறம் செய்வது இன்று சட்டக் கடமையாகவே ஆகிவிட்டது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அங்கே லாபம் முதலில் வருகிறது, தருமம் பிறகு வருகிறது. கணக்குத் தணிக்கையும் உண்டு.

கோயில் வாசலில் கம்மல் விற்பவருக்கு இந்தச் சட்டம் எதுவும் இல்லை. அவர் சொல்லும் சொல்தான் சட்டம். அதனால்தான் அவருடைய கணக்கு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது.

கணக்குக்கு வருவோம். இது ஓர் உதாரணம்தான். அவரவர் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். அதற்குக் குறைவாகக் கொடுத்து ஒரு பெண்ணை உட்கார வைத்து வேலை வாங்குவதை அறம் என்று யாரும் சொல்ல முடியாது. எனவே அதையே அடிக்கோடாக வைப்போம். ஒரு ஜோடி சுடுமண் கம்மலுக்கு மண் பிசைந்து, உருட்டி, அச்சிட்டு, உலர்த்தி, சுட்டு, வண்ணம் தீட்டிக் கொக்கி மாட்டக் கைவேலை மட்டும் நாற்பது நிமிடம் என்றால், எட்டு மணி நேரத்தில் பன்னிரண்டு ஜோடி. ஒரு ஜோடிக்குக் கூலி 28 ரூபாய். மண், வண்ணம், கொக்கி 12. அட்டையும் பெட்டியும் 10. சூளையில் வெடிப்பதற்கும் வழியில் உடைவதற்கும் 5. ஸ்டால் வாடகை, பஸ், கூரியர் 20. கடையில் வைத்து விற்பவருக்கு விலையில் 30 சதவீதம்.

விலை 150 ரூபாய் என்றால் கடைக்கு 45 போகும், மொத்தச் செலவு 120, மிச்சம் 30. அதில் 15 ரூபாயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாலும், அடுத்த மாதச் சரக்குக்கு 15 நிற்கும். தொழிலும் நடக்கும், தருமமும் நடக்கும்.

இதே கம்மலை, ‘பக்கத்துக் கடையில் நூறுதானே’ என்ற பேரத்துக்குப் பணிந்து 100 ரூபாய்க்கு விற்றால்? கடைக்கு 30, செலவு 105. ஐந்து ரூபாய் நஷ்டம். ஆனால் அட்டையில் ‘விலையில் பத்து சதவீதம் நன்கொடை’ என்று அச்சடித்தாகிவிட்டது; அந்தப் பத்தையும் கொடுத்தாக வேண்டும். பதினைந்து ரூபாய் எங்கிருந்து வரும்? மண் விலையைக் குறைக்க முடியாது, பஸ் கட்டணத்தைக் குறைக்க முடியாது, கடைக்காரர் கமிஷனை விட மாட்டார். குறைக்கக்கூடியது ஒன்றுதான்: 28 ரூபாய்க் கூலி 13 ஆகும். நாள் முழுக்க உட்கார்ந்த பெண்ணுக்கு 156 ரூபாய். வாங்கியவருக்குத் தருமம் செய்த நிறைவு, விற்றவருக்கு நல்ல பெயர், பணம் கொடுத்தது சூளைக்கு முன் உட்கார்ந்திருப்பவர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அறத்துக்காக நகை விற்பவர் முதலில் செய்ய வேண்டிய அறம் கூலி. நன்கொடை அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். அதையும் விலையிலிருந்து எடுக்காமல் லாபத்திலிருந்து எடுக்க வேண்டும். ‘விலையில் பத்து சதவீதம்’ என்ற வாசகம் கேட்க நன்றாக இருக்கும். ‘லாபத்தில் பாதி’ என்பது சற்று மங்கலாகத் தெரியும். ஆனால் கூலியைக் காப்பாற்றுவது இரண்டாவதுதான்.

உலகத்தின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்கள் செய்த பூவேலைத் துணிகளை வாங்கிவந்து தன் ஊரில் தெரிந்தவர்களிடம் விற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘டென் தவுசண்ட் வில்லேஜஸ்’ என்ற கடைகள். அங்கே விற்கும் பொருள்களில் நகையும் உண்டு. அதில் இந்தியக் கைவினைஞர்களின் நகையும் உண்டு. நியாய வணிகம் என்று பெயர் பெற்ற இந்த இயக்கம் வாங்குபவரிடம் நன்கொடை கேட்பதில்லை. செய்தவருக்கு உரிய கூலி, ஆர்டரோடு முன்பணம், ஆண்டுக் கணக்கில் நீடிக்கும் கொள்முதல் ஆகியவற்றைத்தான் அது வலியுறுத்துகிறது. கைவினைஞர் கையில் பணம் ஒழுங்காக வந்தால், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அவரே கட்டிக்கொள்வார்.

இங்கே நரிக்குறவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் பாசி கோத்து விற்பவர்கள் அவர்கள். பாசித் தொழில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடிப் பாசி செய்து கடல் கடந்து அனுப்பினார்கள். அதை ஒத்த முறையில் பாசி இழுக்கும் சூளைகள் திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை எரிந்தன. இன்று நரிக்குறவர் கோக்கும் பாசி பெரும்பாலும் நகரத்து மொத்த வியாபாரியிடம் வாங்கியது. அந்தச் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான். அவர்கள் விரிப்பில் இருக்கும் மாலைக்கு அட்டை கிடையாது, ‘நற்பணிக்கு உதவுங்கள்’ என்ற வாசகம் கிடையாது. அங்கே ஐம்பது ரூபாய் மாலையை முப்பதுக்குக் கேட்டுவிட்டு, குளிர்சாதன அரங்கின் ஸ்டாலில் அதே மாதிரி மாலைக்கு முந்நூறு கொடுத்து, ‘நல்ல காரியத்துக்குத்தானே’ என்று திருப்திப்படுகிறோம். கோத்தவரிடமிருந்து நேராக வாங்கி, பேரம் பேசாமல் காசு கொடுப்பதைவிடச் சுருக்கமான நகைத் தருமம் வேறு இல்லை.

நகையைக் கழற்றிக் கொடுப்பது வேறு, நகையை விற்றுக் கொடுப்பது வேறு. 1934 ஜனவரியில் கேரளத்தின் வடகரையில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் தன் பொன் நகைகளைக் கழற்றிக் காந்தியிடம் ஹரிஜன நிதிக்குக் கொடுத்தார். இனி நகையே அணிவதில்லை என்றும் சொன்னார். காந்தி அதைப் பற்றித் தன் பத்திரிகையில் எழுதினார். அது ஒரு முறை செய்யும் தியாகம். அங்கே அடக்க விலை என்ற பேச்சில்லை. தொழில் மாதாமாதம் கொடுக்க வேண்டும். மழை மாதத்தில் மண் உலராது, ஐப்பசியில் கிடைக்கும் ஆர்டர் தையில் கிடைக்காது. தியாகத்தின் உணர்ச்சியை நம்பித் தொழில் நடத்தினால் இரண்டாம் ஆண்டே கடை மூடும்.

கணக்கை ஊரறிய வைப்பதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் முதலாம் ராஜராஜனும் அவன் அக்காள் குந்தவையும் கொடுத்த நகைகள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னை எடை போட ‘ஆடவல்லான்’ என்ற கல், மணி பதித்த நகைகளுக்கு ‘தட்சிணமேரு விடங்கன்’ என்ற கல். எத்தனை முத்து, எந்த ரகம், அரக்கும் சரடும் எடையில் சேர்ந்ததா என்பது வரை எழுதி வைத்தார்கள். சக்கரவர்த்தி கொடுத்ததற்கே கல்லில் கணக்கு. நூறு கம்மல் விற்றுப் பள்ளிக்குக் கொடுத்தவர் ஒரு தாளில் எழுதி ஸ்டாலில் மாட்ட எதற்குத் தயங்க வேண்டும்? இந்த மாதம் விற்ற ஜோடி இத்தனை, கூலி இவ்வளவு, பள்ளிக்குக் கொடுத்தது இவ்வளவு, ரசீது எண் இது. நான்கு வரி போதும்.

சட்ட விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். கம்மலுக்குக் கொடுத்த விலை நன்கொடை ஆகாது. பொருளுக்குக் கொடுத்த பணத்துக்கு வரிச் சலுகை கிடையாது. 80ஜி என்று வழக்கில் சொல்லும் சலுகை, அதற்கான பதிவு பெற்ற அமைப்புக்குத் தனியாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் செல்லும். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அறக்கட்டளையே நகை விற்றால் அந்த வியாபாரத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. தங்க நகையில் ஹால்மார்க் கட்டாயமானது 2021 ஜூனில். எச்யுஐடி என்ற ஆறு இலக்க அடையாளக் குறி இல்லாத தங்க நகையை 2023 ஏப்ரல் முதல் விற்கக் கூடாது. இதிலும் 40 லட்சத்துக்குக் குறைவாக விற்கும் கடைகளுக்கு விலக்கு உண்டு. சட்டம் விட்டாலும், தங்கம் விற்பவர் முத்திரை போட்டே விற்பது நல்லது. நற்பணியின் பெயரைச் சொல்லி மாற்றுக் குறைந்த பொன்னை விற்றால் அந்தப் பாவத்துக்கு ஹால்மார்க் விலக்கு கிடையாது.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையடிவாரத்து ஊர் என்றதும் விதை நகை யோசனை வரும். குன்றிமணியும் மஞ்சாடியும் அழகானவை. தட்டார்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்தியவை. ஆனால் குன்றிமணியின் உள்ளே கொடிய நஞ்சு இருக்கிறது. துளை போட்டால் மேலோடு திறந்துவிடும். குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. குன்றிமணியைத் தொடாமல் மஞ்சாடியோடு நிற்பது நல்லது. மலையில் பொறுக்கிய விதை என்றால், பொறுக்கியவருக்கும் விலையில் பங்கு உண்டு. சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குக் கொடுத்திருக்கிறது. கொக்கியில் மலிவான நிக்கல் கலந்தால் பலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். இரக்கத்தில் ஒரு முறை வாங்கியவர், காது புண்ணானால் மறுமுறை வர மாட்டார்.

விற்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1989இல் தர்மபுரியில் தொடங்கி 1997-98 முதல் படிப்படியாக மாநிலம் முழுவதும் விரிந்த மகளிர் திட்டத்தின் வழியே உருவான குழுக்களுக்கு இன்று ‘மதி’ என்ற விற்பனைப் பெயர் இருக்கிறது. மாவட்டங்களில் பூமாலை வணிக வளாகங்களும் சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகமும் இருக்கின்றன. படவேட்டுக்கோ வாசலுக்கே வாடிக்கையாளர் வருகிறார். ஆடி மாதக் கூட்டத்தில் பத்தில் ஒருவர் வாங்கினாலும் ஆண்டுச் சரக்கு தீரும். குறைவது சரியான விலையைத் துணிந்து சொல்லும் தைரியம்.

அடுத்த முறை ‘நற்பணிக்காக’ என்று எழுதிய நகையைக் கையில் எடுத்தால், வாசகர்களே, மூன்று கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி? நன்கொடை விலையிலிருந்தா, லாபத்திலிருந்தா? போன மாத ரசீதைப் பார்க்கலாமா? மூன்றுக்கும் பதில் வந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். வராவிட்டால், கோயில் வாசலில் பாசி கோத்து விற்பவரிடம் போய் அவர் கேட்கும் காசைக் கொடுங்கள்.

அடுத்த வாரம்: முதியோர் இல்லங்களுக்கு வந்து சேரும் பழைய துணிகள்.

(தொடரும்)