புதிய குறிக்கு அஞ்சுவானேன்?

அரச சேவை ஆட்சேர்ப்புக்கான நுண்ணறிவு வினாத்தாள்களில், எந்தப் பாடநூலிலும் காணாத குறியொன்று இடம்பெறுவதுண்டு. லிந்துலைத் தோட்டப்புறத்துப் பாடசாலையில் பயின்ற ஓர் இளைஞர், 'இதை எமக்குப் படிப்பிக்கவில்லையே' என அவ்வினாவை விட்டுவிடுவாராயின் அது வீண் இழப்பாகும். கொழும்பில் பிரத்தியேக வகுப்புக்குச் சென்றவருக்கும் அக்குறி புதியதே. அதன் பொருள் வினாவிலேயே தரப்பட்டிருக்கும்.

க ★ ச = 2க + ச எனத் தரப்பட்டுள்ளதாகக் கொள்வோம். முதல் எண்ணை இரட்டித்து இரண்டாவதைக் கூட்டுக என்பதே இதன் கட்டளை. ஆகவே 3 ★ 4 என்பது 6 + 4 = 10. ஆனால் 4 ★ 3 என்பது 8 + 3 = 11. எண்களை இடம் மாற்றினாலும் விடை மாறாது என்ற கூட்டல், பெருக்கல் பழக்கமே இங்கு பலரை வீழ்த்துகின்றது. (இடம் மாறினால் விடை மாறும் பெருக்கலை 1843இல் அயர்லாந்தின் ஹமில்டன் வகுத்தபோது கணித உலகமே வியந்தது, நம் மாணவர் தடுமாறுவதைக் குறைகூற முடியாது.)

அடைப்புக்குறியையும் அலட்சியம் செய்யலாகாது. (1 ★ 2) ★ 3 என்பது 4 ★ 3, அதாவது 11. 1 ★ (2 ★ 3) என்பதோ 1 ★ 7, அதாவது 9.

சில வினாக்கள் தலைகீழாக வரும். ஓர் எண் ★ 5 = 17 எனின் அவ்வெண் யாது? 17இலிருந்து 5ஐக் கழித்து, எஞ்சும் 12ஐப் பாதியாக்கினால் 6.

இதற்கு விலையுயர்ந்த வழிகாட்டி நூல்கள் தேவையில்லை. மாணவர் ஒருவர் தாமே ஒரு விதியை ஆக்கிக் கரும்பலகையில் எழுதட்டும். மற்றவர்கள் விடை காணட்டும். தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.