யூரியாப் பசளை வயலுக்கே, வாகனத்திற்கன்று

நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்கு ஏற்றிச்செல்லும் புதிய டீசல் வாகனங்கள் சிலவற்றில், டீசல் தாங்கிக்குப் புறம்பாகச் சிறு தாங்கியொன்று உண்டு. அதன் மூடி பெரும்பாலும் நீல நிறமாயிருக்கும். அதில் ஊற்றும் யூரியாக் கரைசலே ‘அட்புளூ’ எனப்படுவது. சூடான புகையில் அது அமோனியாவைத் தோற்றுவிக்கின்றது; அமோனியா, புகையிலுள்ள நச்சு நைதரசன் ஒட்சைட்டுகளைத் தீங்கற்ற நைதரசனாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றது.

“வீட்டிலுள்ள பசளையைக் கரைத்து ஊற்றினாலென்ன?” எனக் கமக்காரர் சிலர் எண்ணக்கூடும். அது பெருநட்டத்தையே தரும். அட்புளூவின் நிறையில் நூற்றுக்கு 32.5 பங்கு மிகத் தூய யூரியா. எஞ்சியது உப்பு நீக்கிய நீர். பசளையிலோ பையூரெற்று முதலிய பிற பொருள்கள் கலந்துள்ளன. கிணற்று நீரில் சுண்ணாம்பு உண்டு. இவை கரைசலைத் தெளிக்கும் முனையை அடைத்து, புகையைத் தூய்மையாக்கும் விலையுயர்ந்த ஊக்கியையும் கெடுத்துவிடும்.

ஆகவே, ஐ.எஸ்.ஓ. 22241 எனும் தரக்குறியும் தயாரித்த திகதியும் பொறித்த, முத்திரை உடையாத கலனையே வாங்குதல் வேண்டும். அதனை நிழலில் வைக்குக. வெப்பம் 30 பாகை சதமத்தைத் தாண்டாவிடின் 12 மாதமும், 35 பாகை வரையாயின் 6 மாதமும் பழுதுறாதிருக்கும். டீசல் தாங்கியில் இதனை ஒருபோதும் ஊற்றலாகாது. தவறி ஊற்றினால் இயந்திரத்தை இயக்காது திருத்துநரை அழைக்குக.

பசளையைப் பயிருக்கிடுக, வாகனத்திற்கு உரியதை வாகனத்திற்கிடுக.