வீட்டுக்கல்வி: விடுபடுதலும் விலக்கப்படுதலும்

1

காலை ஒன்பது மணிக்கு எங்கள் சந்திலிருந்து கடைசிப் பள்ளி வேனும் போய்விடுகிறது. பிறகு முத்தியால்பேட்டையின் இந்த மூலையில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் என்னுடைய இரண்டும்தான். பெரியவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு ஆறு. மூன்று வருஷமாகப் பள்ளிக்கு அனுப்பவில்லை. 'ஏன், உடம்பு சரியில்லையா?' என்று கேட்காத ஆள் தெருவில் இல்லை.

கொரோனா அடைப்பு முடிந்து ஒன்றாம் வகுப்புக்குப் போன பெரியவன், ஒரு மாசத்தில் வீட்டிலும் விரலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். எதற்கு என்றேன். 'பேசாம இருக்குறதுக்கு' என்றான். எழுதக் கற்குமுன் பேசாமலிருக்கக் கற்றுவிட்டான். அத்துடன் நிறுத்தினோம்.

எங்கள் நாளில் பாடவேளை கிடையாது. இட்லிமாவு ஏன் பொங்குகிறது என்பதில் ஒரு காலை போகும். நடுவில் ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று மாமியார் வைத்த ஊடுபுள்ளிக் கோலத்தில் மொத்தம் 37 புள்ளி என்று சின்னவள் எண்ணிச் சொன்னாள். லால் பகதூர் சாஸ்திரி வீதியைப் புஸ்ஸி வீதி என்றும் சொல்வதைக் கேட்டுப் பெரியவன், 'ஒரு தெருவுக்கு எதுக்கும்மா ரெண்டு பேரு?' என்றான். காலனியம் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

இதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். பாதி நாட்கள் ஒன்றும் நடப்பதில்லை. சண்டை, செல்போன், என் கத்தல். இரவு எட்டு மணிக்கு வரும் கணவர் 'இன்னைக்கு என்ன படிச்சீங்க?' என்று இன்ஸ்பெக்டர் மாதிரி கேட்பார். வீடு பள்ளியானால் வாத்தியார், ஆயா, சத்துணவுக்காரம்மா எல்லாம் ஒருத்திதான். சம்பளம் கிடையாது. 'வீட்டுக்கல்வி' என்ற சொல்லில் 'வீடு' என்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் உழைப்பு. அதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

2

பள்ளி என்ற நிறுவனத்தை விமர்சிப்பவர்கள் இரண்டு நூல்களுக்குத் திரும்பத் திரும்பப் போவார்கள். 1971-இல் இவான் இல்லிச், கற்றலையும் பள்ளிப்படிப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம் என்று வாதிட்டார். 1975-இல் ஃபூக்கோ, சிறை, படைமுகாம், மருத்துவமனை வரிசையில் பள்ளியையும் வைத்து, உடம்பை நேரத்துக்கும் இடத்துக்கும் பழக்கும் ஒழுங்கதிகாரத்தை விளக்கினார். வாயில் வைத்த விரலுக்கு அங்கே ஒரு கோட்பாடு கிடைக்கிறது.

ஆனால் இது முழுக்க ஐரோப்பியச் சரக்கு இல்லை. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையோடு அதைச் சேர்த்து 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். இதையொத்த முறையை லங்காஸ்டர் பெரிய இயந்திரமாக வளர்த்தார். ஃபூக்கோ ஒழுங்குக்கு எடுத்துக்காட்டும் பள்ளிகளில் இந்த வகையும் உண்டு. ஆக, நம் சட்டாம்பிள்ளைக்கும் அந்த அதிகாரத்தில் பங்கிருக்கிறது. பழைய திண்ணைக்குத் திரும்பினால் விடுதலை என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தத் திண்ணையில் யார் ஏறி உட்கார முடிந்தது என்பதையும்.

3

நான் பிள்ளைகளை நிறுத்தியதும் முதலில் எதிர்த்தது என் அம்மா. ஐந்தாம் வகுப்போடு, வயசுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவள். 'எங்களயும்தான் வீட்ல வச்சாங்க. அதுக்குப் பேரு படிப்பாடி?' என்றாள். இல்லிச்சிடம் இதற்குப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை.

தமிழ்ச் சூழலில் 'வீட்டில் கற்பது' வெறும் கல்விமுறைச் சிக்கல் அல்ல. 1953-இல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரம் பிள்ளை தன் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்றார். கோட்பாடாகப் பார்த்தால் கேட்க அழகாக இருக்கும்: அனுபவக் கல்வி, கைத்தொழில், சமூகமே பள்ளி. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டினார்கள். 1954-இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். சாதிச் சமூகத்தில் வீடு வெறும் வீடாக இருப்பதில்லை. செருப்புத் தைப்பவர் வீடும் வேதம் ஓதுபவர் வீடும் ஒரே பாடத்தைத் தருவதில்லை. பலருக்குப் பள்ளி சிறையல்ல, வீட்டிலிருந்து தப்பிக்கும் வாசல்.

சட்டத்திலும் இந்த இழுபறி தெரிகிறது. பிரான்சின் 1882 சட்டம் கல்வியைத்தான் கட்டாயமாக்கியது, பள்ளியை அல்ல. வீட்டிலும் கற்பிக்கலாம் என்றது. 2021-இல் அங்கே வீட்டுக்கல்விக்கு முன்அனுமதி வேண்டும் என்று மாற்றினார்கள். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். எங்களைப் போன்றவர்கள் நம்பியிருப்பது அதைத்தான். ஆனால் அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது? மில் தொழிலாளியான அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பி, எம்.ஏ. வரை படிக்கவைத்ததிலிருந்து. பள்ளி வேண்டாம் என்று சொல்லும் மொழியையும் பள்ளிதான் தந்தது.

4

ஆகவே இரண்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். பள்ளியிலிருந்து விடுபடுவது வேறு, விலக்கப்படுவது வேறு. முதலாவதைக் கொண்டாடும் எழுத்து, இரண்டாவதைப் பற்றி வாய் திறக்காவிட்டால் அது சலுகையின் கதையாடல்தான். என்னுடையதையும் சேர்த்துச் சொல்கிறேன். நல்ல அரசுப் பள்ளிக்காகச் சண்டை போடும் வேலையிலிருந்து வீட்டுக்கல்வி எனக்கு விடுப்புத் தரவில்லை.

போன வாரம் பெரியவன் வாசலில் நின்று வேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'நான் ஒருநாள் போய்ப் பாக்கட்டுமா?' என்றான். உள்ளே வந்து அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அவனக் கேட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம். எங்கள ஒருத்தரும் கேக்கல' என்றாள்.

ஜூனில் பள்ளி திறக்கிறது. முடிவை அவனிடமே விட்டிருக்கிறோம்.