பூவரசம் பீப்பீயும் முழுப்பரீட்சை லீவும்

முழுப்பரீட்சை லீவு விட்டாயிற்று என்றால் நம் திருப்பூர்ப் பக்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு கவலை பிறந்துவிடும். காலையில் ஷிப்டுக்குப் போனால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. பிள்ளைகளை என்ன செய்வது? அம்முச்சி ஊர் பக்கத்தில் இருக்கிறவர்கள் பஸ் ஏற்றிவிடுகிறார்கள். பிழைக்க வந்து லைன் வீட்டில் குடியிருப்பவர்கள் எங்கே அனுப்புவார்கள்? கையில் செல்போனைக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான்.

முன்பெல்லாம் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். "சும்மா சுத்தறதுக்கு, கைமடிக்கப் போகட்டுமே" என்று பனியன் கம்பெனிக்கே கூட்டிப் போவார்கள். இரண்டு சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பையன் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் பக்கம் திரும்ப மாட்டான். அப்படி நின்றுபோனவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தக் கம்பெனியிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தி இறுக்கிவிட்டார்கள். நல்லதாயிற்று. ஆனால் லீவு என்பது பிள்ளைகளுக்கு எதற்காக என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு சினிமா. 2014-ல் வந்த 'பூவரசம் பீப்பீ'. ஹலிதா ஷமீம் என்ற பெண் இயக்கிய முதல் படம். பிற்பாடு 'சில்லுக்கருப்பட்டி' எடுத்தாரே, அவரேதான். ஒளிப்பதிவு மனோஜ் பரமஹம்சா, இசை அருள்தேவ். பெரிய நடிகர் யாரும் கிடையாது. லீவு விட்ட மூன்று பையன்கள்தான் கதாநாயகர்கள். கிராமத்தைச் சுற்றுவதும், அந்த வயதுக்கே உரிய சந்தேகங்களைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வதுமாக இருக்கிறவர்கள், ஒரு நாள் ஒரு பெண்ணுக்கு நடக்கும் பெருங்கொடுமையைப் பார்த்துவிடுகிறார்கள். விளையாட்டாகப் போன லீவு அதோடு மாறிப்போகிறது. குற்றவாளிகளைக் காட்டிக்கொடுக்க அந்தப் பொடியன்களே கிளம்புகிறார்கள். கண்ட குழந்தைகளுக்கும் போட்டுக் காட்டுகிற படம் அல்ல. பத்துப் பன்னிரண்டு வயதான பிள்ளையோடு அம்மாவும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டியது.

படம் பார்த்தபோது என் மனதில் தைத்தது வேறொன்று. இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தால் என் பையன் என்னிடம் சொல்லுவானா? "அந்தப் பக்கம் உன்னை யாரு போகச் சொன்னது?" என்றுதானே முதலில் கேட்போம்! அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

இதே லீவுக் கதையை இங்கிலாந்துக்காரர்களும் எடுத்திருக்கிறார்கள். ஆர்தர் ரான்சம் 1930-ல் எழுதிய நாவல், 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்'. 1974-ல் படமாக வந்தது. அண்ணன் தங்கை நான்கு பேர் பாய்மரப் படகில் ஏரி நடுவிலுள்ள தீவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். நம்மூரில் நடக்கிற காரியமா என்று தோன்றும். ஆனால் அந்த அம்மாவைக் கவனியுங்கள். கடற்படையில் இருக்கிற கணவரிடமிருந்து சம்மதம் தந்தியில் வந்த பிறகுதான் அனுப்புகிறாள். தினமும் பண்ணை வீட்டுக்கு வந்து பால் வாங்கிப் போக வேண்டும். அந்தச் சாக்கில் பிள்ளைகளின் சேதி தெரிந்துவிடும். ஏழு வயதுக் கடைக்குட்டி இந்த லீவிலாவது நீச்சல் பழகியாக வேண்டும். அவிழ்த்துவிட்ட மாதிரியும் இருக்கிறது, கயிறு கையில் இருக்கிற மாதிரியும் இருக்கிறது. கெட்டிக்காரி!

நீச்சல் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லடம், உடுமலை, காங்கயம் பக்கமெல்லாம் பி.ஏ.பி. வாய்க்கால் ஓடுகிறது. பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். சிமெண்டுக் கரையோ சரிவு, பாசி பிடித்த வழுக்கல். இறங்கிவிட்டால் பெரிய ஆளுக்கே ஏறுவது கஷ்டம். தண்ணீர் நிற்கும் பாறைக்குழி இன்னும் மோசம், காலை வைத்தவுடனே ஆழம். எங்கள் காலத்தில் அப்புச்சி முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்புக் கயிற்றைத் தன் கையில் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறக்கிவிடுவார். அழுதுகொண்டே கற்றுக்கொண்டோம். இப்போது தோட்டத்துக் கிணறும் குறைந்தது, கயிறு பிடிக்க ஆளும் இல்லை. நீச்சல் குளமோ, நீந்தத் தெரிந்த மாமனோ, யாரையாவது பிடித்துப் பழக்கிவிடுங்கள். பெண் பிள்ளைக்கும்தான். கூடவே, யாராவது தண்ணீரில் விழுந்தால் கூடக் குதிக்கக் கூடாது, துண்டையோ கயிற்றையோ வீசிவிட்டுக் கத்திக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஒருவனைக் காப்பாற்றப் போய் இன்னொருவனும் போவதுதான் நடக்கிறது. ஆம்புலன்சுக்கு 108.

இன்னொரு நம்பரும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்: 1098. குழந்தைகளுக்கு ஏதாவது ஆபத்தென்றால் அவர்களே காசில்லாமல் கூப்பிடலாம். ஆனாலும் நாலு பேர் இருக்கிற வீட்டில் பிள்ளை முதலில் நம்மிடம் சொல்லுவதுதானே முறை? ஷிப்டு முடிந்து வருகிற அலுப்பு எனக்கும் தெரியும். சோறு போடுகிற அந்தப் பத்து நிமிஷமாவது, "இன்னைக்கு எங்கே கண்ணு போனீங்க? யாரைப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் திட்டாதீர்கள். முதல் நாள் ஒன்றும் வராது. நாலாவது நாள் தானாக வரும்.

படத்தின் பெயரைக் கேட்டு, "பீப்பீன்னா என்னம்மா?" என்றான் என் கடைசிப் பையன். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன், பாவம். பூவரச மரம் இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ சாயங்காலம் சிவந்து வாடியிருக்கும், அதையும் காட்டுங்கள். கொழுந்து வேண்டாம், பழுப்பும் வேண்டாம். நடுத்தரமான பச்சை இலையாகப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டுக் குழல் மாதிரி இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு முனையை விரலால் லேசாக நசுக்கித் தட்டையாக்கி, அந்தப் பக்கத்தை வாயில் வைத்து ஊதினால் சத்தம் வரும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் நசுக்குங்கள். காயை மட்டும் உடைக்க விடாதீர்கள், மஞ்சள் பால் சட்டையில் பட்டால் எந்த சோப்புக்கும் போகாது.