முன்பணம் கட்டுவதற்கு முன்னால்

பிரான்சைஸ் கொடுக்கும் கம்பெனி தன் கணக்கு, வழக்கு, மூடிய கிளைகள் எல்லாவற்றையும் எடுப்பவரிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 23 தலைப்புகளில் விவரம் எழுதி, கையெழுத்துக்கு 14 நாள் முன்பே கொடுக்க வேண்டும். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 நாள். கோலாலம்பூரில் கடை எடுக்கும் தமிழருக்கு இருக்கும் இந்தக் காப்பு விருதுநகரில் டீக்கடை எடுப்பவருக்குக் கிடையாது. இங்கே கைகொடுப்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான். அதுவும் ஏமாந்த பிறகு கோர்ட்டுக்குப் போக. ஆகவே கேட்டு வாங்கும் வேலை நம்முடையது.

முதலில் போர்டில் உள்ள பெயரை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடப்போகும் கம்பெனியின் பெயரைக் கேளுங்கள். இரண்டும் பெரும்பாலும் வேறாக இருக்கும். பிரைவேட் லிமிடெட் என்றால், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சரக்கு விற்றும் ராயல்டி வாங்கியும் பிழைக்கிற கம்பெனி ஒரு ரகம். புதிதாகச் சேருகிறவர்களின் நுழைவுக் கட்டணத்திலேயே பிழைக்கிற கம்பெனி இன்னொரு ரகம். அதற்கு நம் கடை ஓடினாலும் ஒன்று, மூடினாலும் ஒன்று. தனிநபர் நிறுவனமாக இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டாலே, எப்போது பதிவானது, ரிட்டர்ன் ஒழுங்காகப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது டிரேட்மார்க். அது பொருளுக்கேற்ற வகுப்பில் பதிவாகும். பட்டாசுக்கு 13-ஆம் வகுப்பு என்பது சிவகாசிக்காரர்களுக்குப் பழக்கம். உணவகத்துக்கு 43, டீத்தூள், இனிப்பு போன்றவற்றுக்கு 30. டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ‘ரிஜிஸ்டர்டு’ என்று இருக்கிறதா, ‘அப்ஜெக்டட்’ என்று நிற்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவாகாத பெயருக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது வீண்.

பிறகு கடைகளுக்கு நேரில் போங்கள். கம்பெனி கைகாட்டும் கடை வேண்டாம். மூடியவர்களின் பட்டியலைக் கேளுங்கள். ஓடுகிற கடையில் காலையில் ஒரு டீ குடித்து பில் வாங்குங்கள், இரவு இன்னொன்று. பில் எண் தொடர்ச்சியாகப் போகிற கடையென்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இடையில் போட்ட பில்களின் எண்ணிக்கை. எந்த பிரசன்டேஷனும் இவ்வளவு நேராகப் பேசாது.

கம்பெனி தரும் லாபக் கணக்கு, ஒரு மாத விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கியதாக இருக்கலாம். சிவகாசியில் அது செல்லாது. தீபாவளிக்கு முன் காசு புரளும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் மூடி, பூஜை போட்டு மறுபடி திறக்கும்வரை கூலி இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புக்குத் தடை போட்டபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அப்படி ஒரு காலத்தில் வாடகையும் ராயல்டியும் கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். விற்பனையில் சதவீதமாக ராயல்டி கேட்டால் தாங்கலாம். மாதா மாதம் இவ்வளவு என்றால் கஷ்டம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

இதற்கெல்லாம் பிறகுதான் ஒப்பந்தம். “இதற்கு முன் பேசியது எதுவும் செல்லாது” என்று ஒரு வரி அதில் பெரும்பாலும் இருக்கும். வாட்ஸ்அப்பில் சொன்ன லாபம் அந்த வரியோடு போயிற்று. சொன்னதையெல்லாம் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை தரமாட்டோம் என்பது, சரக்கை எந்த விலைக்கு வாங்க வேண்டும் என்பது, தகராறு வந்தால் மதுரையா மும்பையா என்பது எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தம் ஓடும்போது போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை செல்லும். 1995-இல் கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. முடிந்த பிறகும் தடுப்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்முன் பொதுவாக நிற்காது.

பட்டாசுக் கடைக்கு ‘ஏஜென்சி’ தருகிறோம், லைசென்ஸ் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. லைசென்ஸ் இடத்துக்கும் ஆளுக்கும் தரப்படுவது. தற்காலிகக் கடைகள் ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி, எதிரெதிராக இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதி. பட்டாசின் ஆன்லைன் விற்பனையை, பேரியத்துக்குத் தடை போட்ட அதே 2018 தீர்ப்பே தடுத்துவிட்டது.

கடன் வேண்டுமானால் கையெழுத்துக்கு முன்பே விருதுநகர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான ‘நீட்ஸ்’ திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 75 லட்சம். மானியத்தைவிடப் பெரிய லாபம், வங்கி மேலாளர் கேட்கும் கேள்விகள். அவர் கேட்கும் கணக்கைத் தர மறுக்கும் கம்பெனி நமக்கும் தராது.

இவ்வளவுக்கும் பிறகு, பிரான்சைஸ் தருவதாகச் சொன்ன போலித் தளத்தில் பணம் கட்டிவிட்டது தெரிந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.