கிடாருக்குப் பக்கத்தில் பறை!

பாட்டு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாப் பாட்டுதானே! "எந்தப் படம்? யாரு ஹீரோ?"ன்னுதான் முதலில் கேட்போம். ஆனால் படமும் ஹீரோவும் இல்லாமல், தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, மேடையில் பாடும் குழுக்களும் உண்டு. இதற்கு 'இண்டி' இசை என்று பெயர். சுதந்திரமான என்று பொருள்படும் 'இன்டிபென்டன்ட்' என்ற சொல்லின் சுருக்கம் அது.

அப்படி வந்த ஒரு தமிழ்க் குழுதான் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அதாவது சாதியற்றவர்களின் கூட்டு. அயோத்திதாசப் பண்டிதரின் (1845-1914) சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் இது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் இக்குழுவை உருவாக்கினார்கள். 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. குழுவில் 19 பேர்!

சரி, இதில் என்ன புதுமை? ராக் இசையையும் கானாவையும் ஒரே மேடையில் சேர்த்ததுதான்.

கானா, வடசென்னை உழைப்பாளி மக்களின் பாட்டு. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கண்விழித்து இருப்பவர்களுக்கு ஆறுதலாகப் பாடுவது. ராக் 1950-களில் அமெரிக்காவில் வளர்ந்தது. அதன் வேர் 'ப்ளூஸ்'. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் வேதனையைப் பாடிய பாட்டு அது. யோசித்துப் பாருங்கள், ராக்கும் கானாவும் தூரத்துச் சொந்தக்காரங்க மாதிரி இல்லையா?

அந்த மேடையில் கிடார், டிரம்ஸ் பக்கத்திலேயே பறையும் ஒலித்தது. பறையின் தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். நம்ம ஊர்ச் சாரலில் கேட்கவே வேண்டாம்! அதனால் நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள். அப்போதுதான் 'கணீர்'னு பேசும். பறையைச் சாவுக்கு மட்டும் கூப்பிட்டு, அடித்தவரை வாசலிலேயே நிறுத்திய காலம் உண்டு. அதே பறை இங்கே கிடாருக்குச் சமமாக நின்றது.

★ உங்களுக்குத் தெரியுமா? ★
• இக்குழுவில் கானா பாடிய இசைவாணி, பிபிசியின் '100 பெண்கள்' பட்டியலில் 2020-ல் இடம்பெற்றார்.
• 2021-ல் ஊரெல்லாம் கேட்ட 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டின் அறிவும் இக்குழுவில் பாடியவர்தான்.

இதெல்லாம் சென்னைக்கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்து பார்த்திருப்பீர்கள். அதில் அடிக்கும் மகுடமும் தோல் கருவிதான். நையாண்டி மேளத்தில் உறுமி, பம்பை, தவில் எல்லாம் இருக்கிறது. யோசித்தால் அதுவும் ஒரு பேண்டுதான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18-ம் நூற்றாண்டிலேயே குற்றாலக் குறவஞ்சியில் என்ன செய்தார்? குறி சொல்லும் மலைக்குறத்தியை மேடையேற்றி, அவள் வாயாலேயே அவள் மலையின் பெருமையைப் பாட வைத்தார். ராஜாவின் புகழை மட்டும்தான் பாட வேண்டுமா என்ன!

ஆனால் இன்று நம்மில் சிலர், "எங்கப்பா கொட்டு அடிக்கிறவர்" என்று வகுப்பில் சொல்லக் கூச்சப்படலாம். அந்தக் கூச்சம் அவர்கள் குற்றமா? கேலி செய்யும் நம் குற்றம்தானே! ஆண்டு விழா வந்தால் பென் டிரைவில் சினிமாப் பாட்டைப் போட்டு ஆடுகிறோம். இந்த வருஷம் ஒரே ஒரு நிகழ்ச்சிக்காவது, வாசிக்கத் தெரிந்த நம் நண்பர்கள் மகுடமோ உறுமியோ பறையோ நேரில் வாசிக்க ஆசிரியர்கள் அனுமதி தர வேண்டும். கிடார் தெரிந்தவர் இருந்தால் அவரும் பக்கத்தில் நிற்கட்டும்.

வாசிக்கும் கைக்கு ஏது சாதி? சிந்திப்போம் தோழர்களே!